மைக் திறந்திருந்த ஞாயிற்றுக்கிழமை

வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் எதையாவது மறைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். சிலர் நாய்க்குட்டியை மறைப்பார்கள். சிலர் ஊரிலிருந்து வந்து திரும்பிப் போகாத மச்சினனை மறைப்பார்கள். நாங்கள் மீனை மறைத்தோம். அதோடு நின்றிருந்தால் மயிலாப்பூரில் மானத்தோடு காலம் தள்ளியிருக்கலாம். நான் ஒரு வானொலி நிலையத்தையும் வைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பி கட்டிய ஒன்றை எங்கே மறைப்பது?

மீன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு நாங்கள் குடிவந்தோம். வீட்டுக்காரர் என் கணவர் ஆறுமுகத்திடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நீங்க சைவமா?"

"சைவம்தான்" என்றார் இவர். நெற்றி நிறையத் திருநீறு வேறு இருந்தது.

(சமயத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார். தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வியாபாரத்தை முடிப்பது அவருக்குக் கைவந்த கலை.)

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவருக்குத் திடீரென்று நடைப்பயிற்சியில் ஆர்வம் வந்தது. நொச்சிக்குப்பம்வரை நடப்பார். சாலையோரத்தில் மீன் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டுச் சுற்றி, எங்கள் கடைப் பைக்குள் வைத்து, பட்டுப்புடவை கொண்டுவருகிற முகத்தோடு மாடியேறுவார். நான் சமையலறை ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தியைக் கொத்தாக ஏற்றிவிட்டுக் குழம்பு கூட்டுவேன். எங்களைப் போல் பக்திமான்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று பேர்.

இனி வானொலி. நான் அடையாறில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அதோடு அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருந்தேன். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே, உலகத்தின் வேறு மூலையில் இருக்கும் இன்னொரு உரிமக்காரரோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. இந்தக் கூட்டத்துக்கு ஹாம் என்று பெயர். ஆதம்பாக்கத்தில் ஒரு ஹாம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய பழைய செட்டை வாங்கி, கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் "மெதுவா, மெதுவா" என்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, சாமி சிலையா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஹாம்களிடையே ஒரு புது முறை பரவிக்கொண்டிருந்தது. பி.எஸ்.கே.31 என்று பெயர். கணினியில் நாம் தட்டுகிற எழுத்து, கொசு ராகம் இழுப்பதுபோல் ஒரு மெல்லிய ரீங்காரமாக மாறி, செட் வழியாக வானத்துக்குப் போகும். மறுமுனையில் இருக்கிற கணினி அந்த ரீங்காரத்தைப் பிடித்துத் திரும்பவும் எழுத்தாக்கிவிடும். மனிதக் குரல் எடுபடாத இரைச்சலிலும் இது எடுபடும் என்பதுதான் இதன் அழகு. காதுக்கு வெறும் 'உஸ்' என்று கேட்கிற இடத்திலிருந்து திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைக்கும். குறைந்த மின்சாரம், சாதாரணக் கம்பி, உலகம் முழுக்க நண்பர்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைக் கணக்குக்கென்று இவர் வாங்கிய கணினியை நான் கைப்பற்றினேன். ரிச்சி தெருவில் வயரும் பின்னும் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையிலேயே சால்டரிங் வைத்து, மேசை விரிப்பில் வரிசையாக ஓட்டை போட்டேன். கணினியின் சத்தம் செட்டுக்குள் போக ஒரு வயர், செட்டின் சத்தம் கணினிக்குள் வர ஒரு வயர். மிச்சமிருந்தது ஒரே சிக்கல். செட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அது ஒலிபரப்பும். அந்தப் பொத்தானைக் கணினியே அழுத்துவதற்கு ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். செய்தேன். புகைந்தது. (இயற்பியல் நடத்துகிறவர்கள் செய்கிற சர்க்யூட் எல்லாம் கரும்பலகையில் மட்டும் வேலை செய்யும்.)

ஆகவே குறுக்குவழிக்குப் போனேன். செட்டில் 'வாக்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. உள்ளே சத்தம் வந்தால் தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும். சத்தம் நின்றால் தானாகவே ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கும். பொத்தானும் வேண்டாம், சர்க்யூட்டும் வேண்டாம். இவ்வளவு சுலபமான வழியை விட்டுவிட்டு எதற்கு எல்லோரும் சர்க்யூட் செய்கிறார்கள் என்று நான் வியந்தது நினைவிருக்கிறது.

வாரக்கணக்கில் உலகத்தை அழைத்தேன். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பதில் வந்ததெல்லாம் எங்கள் கட்டடத்திலிருந்துதான். தரைத்தளத்து ஜானகி மாமியின் டிவியில், சீரியலில் மாமியார் மருமகளைப் பார்த்து வாயைத் திறக்கிற இடத்தில் குறுக்கே கோடு கோடாக வந்ததாம். மாமி கேபிள்காரர் டில்லியைக் கூப்பிட்டார். டில்லி மொட்டை மாடிக்கு ஏறி என் கம்பியைப் பார்த்தார். அவருக்குப் பெரிய நிம்மதி. அன்றிலிருந்து மழை பெய்து படம் போனாலும், கரண்ட் போய்ப் படம் போனாலும், "மேல அந்த மேடம் ஒயரு கட்டி வச்சிகினு கீறாங்க சார்" என்றார்.

விஷயம் செக்ரட்டரியிடம் போயிற்று. ரங்கநாதன் மாமா, குடியிருப்போர் சங்கச் செயலாளர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையின் சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருப்பார். அவர் மனம் வைத்தால்தான் எங்கள் குழாயில் தண்ணீர். மாடிப்படியில் அவர் பேசினால் மொட்டை மாடியில் காக்காய் எழுந்து பறக்கும், அப்படி ஒரு குரல். நானும் இவரும் எங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மோட்டார் ரூம் மகாராஜா'.

மகாராஜா என்னை வழிமறித்துச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலம்பற அவசரக் கூட்டம் போட்டிருக்கேன். கம்பியைக் கழட்டணும்னு தீர்மானம். கழட்டலேன்னா உங்க வீட்டு ஓனருக்கு எழுதிடுவேன். அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லப்படாது."

எழுதினால் வீட்டுக்காரர் வருவார். வந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஞாயிறு எங்களுக்கு மீன் நாள்.

"மாமா, கூட்டத்தை எங்க வீட்டுலயே வச்சுக்கலாம். அது என்ன பண்ணுதுன்னு நானே எல்லாருக்கும் காட்டுறேன். கேசரி பண்றேன்" என்றேன்.

கேசரி என்றதும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை, கூட்டத்துக்கு முன்னால் எப்படியாவது ஒரு பதிலை வரவழைத்துவிட வேண்டும் என்று கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒலி அளவுகளைச் சரிசெய்ய விண்டோஸில் ஒரு சின்னப் பலகை உண்டு. ஏற்றி இறக்கும் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டம். கட்டத்தில் டிக் இருந்தால் அந்தச் சத்தம் அடைபட்டிருக்கும், டிக்கை எடுத்தால் திறக்கும். எது எதற்கென்று எனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. பொறுமை போய், ஒரு குமிழை உச்சிக்கு ஏற்றி, அதன் டிக்கையும் எடுத்துவிட்டேன். அது மைக்கின் குமிழ். கணினியோடு இலவசமாக வந்து, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு மானிட்டர் பக்கத்தில் நின்றிருந்த மைக். ஒருநாளும் பயன்படுத்தாததால் அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். இப்போது அறையில் யார் என்ன பேசினாலும் மைக் வழியாகக் கணினிக்குள் போய், கணினியிலிருந்து செட்டுக்குள் போய், செட்டிலிருந்து கம்பிக்குப் போனது. நான் எழுந்து கேசரிக்கு ரவை வறுக்கப் போனேன்.

போவதற்கு முன்னால், செட் பார்க்கிறவர்களைப் பயமுறுத்துவது போல் இருக்கக் கூடாதென்று அதன்மேல் ஒரு பூ வேலை செய்த துணியைப் போர்த்தினேன். ஒலிபரப்பும்போது எரிகிற சிவப்பு விளக்கைத் துணியின் ஓரம் அழகாக மறைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். கூட்டம் என்று சொல்லியும் நடைப்பயிற்சியை விடவில்லை.

"ஏட்டி கோமதி, வஞ்சிரம் கெடச்சிட்டு. நல்ல துண்டு."

"மெதுவாப் பேசுங்க. படியில யாராவது பாத்தாங்களா?"

"செக்ரட்டரி நின்னாரு. பையில என்ன சார், புதுச் சரக்கான்னு கேட்டாரு. ஆமா சார், இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சுன்னேன்."

"மோட்டார் ரூம் மகாராஜா மூக்கு சும்மா இருந்துச்சாக்கும்?"

"அவருக்குக் குரல்தான் வேலை பாக்கு. மூக்கு எப்பவோ ரிட்டையர் ஆயிட்டு. நீ குழம்புக்குப் புளியை ஊறப் போடு."

"கூட்டம் முடியட்டும். அதுவரை பிரிஜ்ஜுல தயிருக்குப் பின்னால ஒளிச்சு வைங்க."

இந்த உரையாடலை நான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு வேறு ஒருவர் இதை எனக்கு வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

கூட்டம் கூடியது. ரங்கநாதன் மாமா நாற்காலியில். ஜானகி மாமி சோபாவில். மற்ற வீட்டுக்காரர்கள் பாயில். டில்லி சாட்சி சொல்ல வந்து கதவோரமாக நின்றார். நான் திரையைக் காட்டி விளக்கினேன். உலகம் முழுவதிலிருந்தும் இதில் எழுத்து வரும் என்றேன். ஓர் எழுத்தும் வரவில்லை. இரைச்சலைக் கணினி தப்பாகப் புரிந்துகொண்டு எப்போதாவது ஓர் 'இ', ஒரு 'டி', ஒரு கேள்விக்குறி போட்டது.

"இது எந்த ஊர் பாஷைம்மா?" என்றார் மாமா.

"இரைச்சல் மாமா."

"இரைச்சலைக் கேக்கறதுக்கா கம்பி கட்டியிருக்கே? பாண்டி பஜாருக்குப் போனா கம்பி இல்லாமலே கேக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைப் பேச ஆரம்பித்தார். பொதுச் சொத்து என்றால் என்ன, மொட்டை மாடி யாருக்குச் சொந்தம், வத்தல் காய வைப்பவர்கள் வத்தலை மட்டும் காய வைக்க வேண்டியதன் அவசியம் என்று ஏறு வரிசையில் போனார். நடுவில் டில்லி, "நம்ப லைன்ல ஒரு பிராப்ளமும் இல்ல சார், கண்ணாடி மாதிரி கீது" என்று சாட்சி சொன்னார். மாமி கோடு வந்த சீரியலின் கதையை முதலிலிருந்து சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் சைக்கிள் நிறுத்துகிற தகராறை இழுத்தார். எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மூச்சு விடுகிற இடத்தில் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். ஒரு நொடி இடைவெளி கிடையாது. அத்தனையும் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நான் கேசரியைக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோர் வாயும் ஒரே நேரத்தில் நிறைந்தது. காலையிலிருந்து முதல்முறையாக வீட்டில் நிசப்தம்.

ஜானகி மாமி ஸ்பூனை நிறுத்தினார். "ஏண்டி கோமதி, அதுல என்னமோ வரதே."

திரும்பினேன். திரையில் எழுத்துகள். இரைச்சல் எழுத்துகள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, சீராக, யாரோ ஒரு மனிதர் தட்டுகிற எழுத்துகள். எழுத்து ஆங்கிலம், வார்த்தை தமிழ். 'கேட்கிறது… எல்லாம் கேட்கிற…'

"நெய் ஜாஸ்திதான், ஆனா நன்னாயிருக்கு" என்றார் மாமா. துணிக்கு அடியில் செட் 'டிக்' என்றது. எழுத்து நின்றுவிட்டது.

நான் துணியை இழுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா பேச்சை நிறுத்தினார், அணைந்தது.

"இன்னா மேடம் ஆச்சு?" என்றார் டில்லி. எரிந்தது. டில்லி வாயை மூடினார். அணைந்தது.

பக்கத்தில் நின்றிருந்த கொக்கை அப்போதுதான் பார்த்தேன். மௌஸை நோக்கிக் கையை நீட்டினேன்.

"தொடாதே" என்றார் மாமா. விளக்கு எரிந்தது. "கையை எடும்மா. நீ ஏதாவது அழிச்சுடுவே. எங்க முன்னாடியே வரட்டும், படிச்சுப் பாத்துடலாம்."

"இல்ல மாமா, யாராவது பேசினா வராது…" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மாமா விரலை உதட்டில் வைத்துச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தச் சங்கம் தோன்றிய நாளிலிருந்து நடக்காதது நடந்தது. எல்லோரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். கேசரித் தட்டுகள் அந்தரத்தில் நின்றன.

எழுத்துகள் முளைத்தன. 'வணக்கம் சென்னை. நான் ஈப்போ, மலேசியா. பெயர் அருணாசலம். காலை முதல் உங்கள் வீட்டில் பேசுவது எல்லாம் கேட்கிறது. மைக்கை மூடுங்கள்.'

"மலேசியாவா?" என்றார் அடுத்த வீட்டுக்காரர். எழுத்து நின்றது. மாமி அவர் தொடையில் கிள்ளினார். மறுபடி அமைதி.

'கூட்டம் முடிந்ததா?'

அடுத்து 'வி' வந்தது. 'ஏ' வந்தது. 'என்' வந்தது. 'ஜே' வந்தபோது என் கணவர் இருமினார்.

வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்களில் அவர் மெதுவாகத்தான் புரிந்துகொள்வார். இதை என்னைவிட முன்னால் புரிந்துகொண்டார், ஏனென்றால் அதை வாங்கிவந்தவர் அவர். விளக்கு எரிந்தது, வார்த்தை சிதறியது. ஈப்போக்காரர் பொறுமைசாலி. சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, வார்த்தையை முதலிலிருந்து தட்டினார். வி. ஏ. என். ஜே. இவர் மறுபடி இருமினார், இந்த முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. ஈப்போக்காரர் மறுபடி முதலிலிருந்து வந்தார். இவர் மறுபடி இருமினார். கடைசியில் ஜானகி மாமி எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீரை இவர் வாயில் வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாராலும் இரும முடியாது.

'வஞ்சிரம் குழம்பில் போட்டாச்சா? தயிருக்குப் பின்னாலேயே இருக்கிறதா? மோட்டார் ரூம் மகாராஜா போய்விட்டாரா?'

அதிர்ச்சியில் உறைந்துபோன ஒரு கூட்டத்தைப் போல் அமைதியான இடம் வானொலிக்கு வேறெங்கும் கிடைக்காது. யாரும் அசையவில்லை. அதனால் எழுத்துகள் தங்குதடையில்லாமல் வந்தன. என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு செய்தியை நான் பிடித்ததே இல்லை. பூமி பிளந்து தரைத்தளத்து ஜானகி மாமி வீட்டில் போய் விழுந்தால்கூடத் தேவலை என்று நான் நின்றுகொண்டிருக்க, ஈப்போ அருணாசலம் நிதானமாகத் தட்டிக்கொண்டு போனார்.

'அந்தப் பெரியவரின் குரல் மிக அருமை. கணீர் என்று இருக்கிறது. இங்கே என் மனைவியும் வந்து உட்கார்ந்து கேட்கிறாள். வானொலியில் செய்தி வாசித்தவரா என்று கேட்கிறாள். தமிழை இப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் கம்பியைக் கழற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். சென்னையிலிருந்து இந்த முறையில் எனக்குக் கிடைத்த முதல் ஆள் நீங்கள்தான்.'

எழுத்து நின்றது.

"மகாராஜான்னா யாரு?" என்றார் ரங்கநாதன் மாமா கடைசியில்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "நீங்கதான் மாமா."

அவர் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிரிஜ்ஜைப் பார்த்தார். பிறகு ஜானகி மாமியைப் பார்த்து, "வஞ்சிரம்னா…" என்று ஆரம்பித்தார்.

"மீன்" என்றார் மாமி. "இதுல என்ன ஆச்சரியம்? இவா வந்த நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். ஊதுவத்தியும் மீனும் சேந்து ஒரு வாசனை வருமே, அதுக்கு வெறும் மீனே தேவலைன்னு நெனச்சுப்பேன். பாவம், சின்னஞ்சிறுசுகள். ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடறதுகளேன்னு நான் வாயைத் திறக்கலை."

இவர் வாயிலிருந்த தண்ணீரை அப்போதுதான் விழுங்கினார்.

மாமா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வஞ்சிரம் உங்காத்து விஷயம். அதுல சங்கம் தலையிடாது" என்றார். "மகாராஜா விஷயத்தை நான் தனியாப் பேசிக்கறேன்." கழுத்தைத் திரைப் பக்கம் நீட்டினார். "அது என்னது, கணீர்னா போட்டிருக்கார்? மேல தள்ளு, மறுபடி படிக்கறேன்."

மேலே தள்ளினேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "என் பெண்டாட்டி நாப்பது வருஷமா மெதுவாப் பேசுங்கோன்னுதான் சொல்லிண்டிருக்கா" என்று யாருக்கோ சொல்வது போல் சொன்னார்.

"சரி, பதில் போடு. நன்றி சொல்லு. என் பேரைப் போடு, மகாராஜான்னு போட்டுடாதே."

நான் உட்கார்ந்தேன். முதல் வேலையாக மைக்கின் டிக்கைப் போட்டேன், போதாதென்று கொக்கின் வயரையே பிடுங்கினேன். (உரிம விதிகளின்படி அன்று காலை நான் செய்த தவறுகளை எண்ணினால் ஒரு பாடப்புத்தகமே போடலாம். பல நாள் தபால்காரரைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பாக இருந்தது. நல்லவேளையாக நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை.) உரிமத்தோடு கொடுக்கிற என் அழைப்புக்குறியை அடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். மாமாவின் நன்றியையும் சேர்த்தேன். கொசு ராகம் கிளம்பிச் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தினேன். விளக்கு அணைந்தது.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். இப்போது பேசினாலும் எதுவும் கெடாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

வந்தது. என் அழைப்புக்குறி, எழுத்துப் பிசகாமல். 'கோமதி, இப்போது குரல் இல்லை, எழுத்து மட்டும் வருகிறது, நூற்றுக்கு நூறு. முதல் தொடர்புக்கு வாழ்த்துகள். ரங்கநாதன் ஐயாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம்.'

கைதட்டல் கேட்டது. முதலில் தட்டியது ஜானகி மாமி. அப்புறம் பாயில் இருந்தவர்கள். டில்லிகூட, "மெய்யாலுமே மலேசியாவா மேடம்? நம்ப மச்சான் ஒருத்தன் அங்க கீறான்" என்று திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். நான் அழுதேனா என்று இவர் இன்றும் கேட்பதுண்டு. கேசரிக்குப் போட்ட முந்திரிப் புகை கண்ணில் பட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மாமா எழுந்து நின்றார். தீர்மானத்தைத் திருத்தி வாசித்தார். கம்பி இருக்கலாம். சீரியல் நேரத்தில் ஒலிபரப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் செயலாளருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள், வாக்கில்லாத டில்லி உட்பட. டில்லி போகிற போக்கில் மொட்டை மாடிக்கு ஏறி, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்த தன் கேபிள் இணைப்பு ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டு இறங்கினார். "சும்மா டைட் பண்ணேன் மேடம், வேற ஒண்ணியும் இல்ல" என்றார். மாமியின் டிவியில் அதன் பிறகு கோடு வரவில்லை.

எல்லோரும் போன பிறகு குழம்பு வைத்தேன். வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தப் போனபோது இவர், "விடு, மலேசியாவுக்கே தெரிஞ்சுபோச்சு, மயிலாப்பூருக்குத் தெரிஞ்சா என்ன?" என்றார். திறந்துவைத்தேன். கீழேயிருந்து மாமி, "கோமதி, அதுக்காகன்னு அவ்வளவு திறக்காதே" என்றார்.

ரங்கநாதன் மாமா அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார். நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, ஈப்போவில் மழையா வெயிலா என்று கேட்கச் சொல்வார். அந்த வருஷத்துக்குள் ஜப்பான், ரஷ்யா, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் என் திரையில் வந்தார்கள். மாமா எல்லோருக்கும் தன் பெயரில் வணக்கம் சொல்லச் சொன்னார். அருணாசலம் ஒருமுறை மனைவியோடு சென்னை வந்தபோது, மாமா சங்கத்தின் சார்பில் வாசலில் மாலையோடு நின்று, தெருவே கேட்க வரவேற்றார். அருணாசலத்தின் மனைவி என் காதில், "நேரில் இன்னும் அருமையா இருக்கு, ஆனா கொஞ்சம் சத்தம்" என்றார். இவருடைய காலை நேரத்து வசனங்களை எனக்கு அப்படியே நடித்துக் காட்டியதும் அந்த அம்மாள்தான்.

எங்கள் குடும்பத்துக்கு இதில் மிஞ்சியது ஒரு சொல். யாராவது போனை வைக்காமல் அடுத்தவரைப் பற்றிப் பேசிவிட்டாலோ, பக்கத்து அறையில் ஆள் இருப்பது தெரியாமல் வாயை விட்டாலோ, 'ஈப்போ ஆயிடுச்சு' என்போம். என் மகள் அலுவலகக் கூட்டங்களில் மைக்கை மூட மறந்தவர்களைப் பற்றி இப்படிச் சொல்லிச் சொல்லி, அவளோடு வேலை பார்க்கிறவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களில் ஒருவருக்கும் ஈப்போ எங்கே இருக்கிறது என்று தெரியாது.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான பையன். மறுவீட்டுக்கு வந்திருந்தபோது எங்கள் பேச்சை இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் பால்கனியில் நின்று அம்மாவோடு போனில் பேசினார். "எல்லாம் நல்லவங்கதாம்மா. ஆனா ஈப்போன்னு யாரோ ஒரு பெரியவர் இருப்பார் போல இருக்குதுங்க. அவர் பேரைச் சொன்னா வீடே வாயை மூடிக்குது. நான் இன்னும் அவரைப் பாக்கலை. நீங்க எதுக்கும் பாத்துப் பேசுங்க."

"யாரு கண்ணு அது, சம்பந்தியம்மாவோட மாமனாரா?" என்று அவர் அம்மா கேட்டதும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

என் மகள்தான் எழுந்து போய் அவர் தோளைத் தட்டி, ஈப்போ இப்போதுதான் வந்துவிட்டுப் போனார் என்று சொன்னாள்.